அவன் முழங்கால் மடக்கவில்லை

பெரிய கண்மாய் ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை நிரம்பி மறுகால் பாய்ந்த வருஷம் இது. நெல் கொள்முதல் களத்துக்குத் தகரக் கூரை போட்டதும், மேலூர் பஸ் ஊருக்குள் வராமல் விலக்கிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்ததும் இந்த வருஷம்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. வருஷத்தை நான் இப்படித்தான் மனதில் கட்டி வைப்பேன். இந்த வருஷத்து மாசிக் கடைசியில், நம் பெருமாள் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இரண்டு நாள் கிடக்கும்போது, சோலைமலை செத்துப்போனான்.

என் போனில் பேர் போட்டு வைத்துப் பிரயோசனமில்லை என்று என் மகள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். சோலைமலைக்கு யானை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது யானை வந்தது. "சொல்லு மாப்ள" என்றேன். பேசியது அவன் பொஞ்சாதி பஞ்சவர்ணம்.

"அண்ணே, துண்டு எடுத்துக்கிட்டு வாங்க. முன்னால நீங்கதான் நிக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

வாளி கையில் இருந்தபடியே நின்றேன். மாடு குடித்து முடித்து என் கையை நக்கியது.

இன்றைக்குப் பதினாறாம் நாள். காரியத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் முன்னால் படிப்பதற்காக, நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதியது இது. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் இருக்கிறீர்கள். அதனால் பல்லக்குத் தண்டு விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் சோலைமலைக்கு நேர்ந்தது தெரியாது.

நம் பெருமாள் பல்லக்கை எட்டுப் பேர் சுமப்போம். முன்னால் நாலு, பின்னால் நாலு. வலது தண்டில் நான் முதல் ஆள், சோலைமலை எனக்குப் பின்னால். இடது தண்டில் வெள்ளைச்சாமியும் சின்னழகும். தண்டுக்கு ஆள் எடுக்கும்போது சாதகம் பார்ப்பதில்லை, உயரம்தான் பார்ப்பார்கள். கோயில் மண்டபத்துத் தெற்குத் தூணில் சாய்த்து நிறுத்தி, தோள் மட்டத்துக்கு உளியால் ஒரு கீறல் போடுவார்கள். ஒரே தண்டில் நிற்கிற இரண்டு பேருக்கும் கீறல் ஒன்றாக விழ வேண்டும். ஒருவன் குட்டையாக இருந்தால் பாரமெல்லாம் மற்றவன் தோளில் இறங்கிவிடும். ஊருக்கு முதன்முதலில் பஸ் வந்த வருஷம் எங்கள் இரண்டு பேரையும் அந்தத் தூணில் நிறுத்தினார்கள். ஒரே கீறல். உளி பிடித்த ஆசாரி, "ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்துருக்கான்" என்றார். அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மச்சான். முப்பத்தாறு திருவிழா என் பிடரியில் அவன் மூச்சுப் பட்டிருக்கிறது.

தண்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பாரம் தாங்காமல் நைசாக முழங்காலை மடக்கித் தோளை இறக்கிக்கொள்கிறவன் மறுபடி தண்டைத் தொடக்கூடாது. சாமியை ஏமாற்றியவன் என்று அவனுக்குப் பேர். அதற்குச் சாட்சி கூடவே நிற்கிறவன் சொல்தான். மற்றவர்களுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. தோளுக்குத்தான் தெரியும்.

சோலைமலை பேச்சுக்காரன். பூ அலங்காரம் கூடிப்போய் பல்லக்கு அசையாமல் நிற்கும்போது, "சாமி இலவம்பஞ்சுதான் மச்சான். ஊர்க்காரன் வேண்டுதல்தான் கனம்" என்பான். சிரித்தால் தோள் நழுவும் என்று வெள்ளைச்சாமி திட்டுவான். சின்னழகு நாலு வார்த்தை பதிலுக்கு விடுவான். சாமி நின்று பூசை வாங்குகிற மண்டகப்படி மூன்றை அந்தச் சிரிப்பிலேயே தாண்டிவிடுவோம்.

அவன் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டு உறுத்தாமல் இருக்க எல்லோரும் தோளில் துண்டை இரண்டாக மடித்துப் போடுவோம். ஒரு வருஷம் அவன் நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு வந்தான். மறு வருஷம் எட்டு மடிப்பு. நான் விடவில்லை.

"என்ன மாப்ள, தோளுக்கு மெத்தை தச்சுட்டியா?"

"வயசாகுதுல்ல மச்சான்."

"எனக்கு மட்டும் திரும்புதாக்கும்."

சின்னழகு அந்தப் பக்கமிருந்து, "தலைகாணியும் ஒண்ணு கேளு, மாமனார் வீட்டுல குடுப்பாங்க" என்றான். சோலைமலையும் சிரித்தான். சிரித்துவிட்டு, பல்லக்கை இறக்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒண்ணுக்குப் போக மறைவு தேடி ஓடினான். அதற்கும் கேலி செய்தோம். இடுப்பில் ஒரு வலி இருக்கிறது, சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். சுமக்கிறவனுக்கு இடுப்பு வலிப்பது ஒரு செய்தியா என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்த எட்டு மடிப்புத் திருவிழாவில்தான் அது நடந்தது. காலை ஊர்வலம். நாலாவது மண்டகப்படிக்குப் போகும் மேட்டில் என் தோள் திடீரென்று எரிந்தது. முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அப்படி ஒரு பாரம் என் மேல் இறங்கியதில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவன் துண்டு சரிந்து கிடந்தது. அவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் வெயில் தெரிந்தது. மூன்று விரல் அகலத்துக்கு வெயில்.

பல்லக்கைத் தாங்குகட்டையில் நிறுத்தியதும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "சோலை மடக்குறான்."

மேளம் நின்றுவிட்டது. அவன் முகம் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. "மச்சான், நான் மடக்கல" என்றான்.

"அப்ப நான் பொய் சொல்றேனா? வெயிலு தெரிஞ்சுச்சுடா நடுவுல."

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். தனக்கே சந்தேகம் வந்தவன் மாதிரிப் பார்த்தான். ஊர்ப் பெரியவர்கள் அவனைத் தண்டிலிருந்து இறக்கி, சாமிக்குக் குடை பிடிக்க அனுப்பினார்கள். அந்த வெயிலில் அவ்வளவு உயரக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி கடைசி மண்டகப்படி வரைக்கும் நடந்து வந்தான். நான் மேளத்தை நிறுத்திய இடத்திலிருந்து தெற்குத் தூண் ஐம்பது தப்படி தூரம்தான் இருக்கும். அவனைக் கூட்டிப் போய் நிறுத்தி ஒரு தடவை அளந்திருக்கலாம். அந்த நினைப்பு எட்டுப் பேரில் ஒருவனுக்கும் வரவில்லை. வளர்ந்து முடிந்த மனிதனை யார் மறுபடி அளப்பார்கள்?

எட்டு மாசம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கார்த்திகையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் மகன் திருப்பூரில். பஞ்சவர்ணம் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கோபம் கீபமெல்லாம் அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. மேலூரில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டி சிக்கி நின்றபோது வலியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது பேசு மச்சான்" என்றான். நான் ஹாரன் அடிக்கிறவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். எலும்பில் புற்றுநோய் என்று பஞ்சவர்ணம் அழ ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"இது எலும்புல பொறந்த நோய் இல்லம்மா. ஒண்ணுக்குப் பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அங்க ஆரம்பிச்சு, ரத்தத்தோட போயி முதுகெலும்புல இடம் புடிச்சிருக்கு. அதனால ஆரம்பிச்ச எடத்து நோய்க்கு உள்ள ஊசியத்தான் போடுவோம். எலும்பு மேல மேல நொறுங்காம இருக்க ஒரு மருந்து ஏத்துவோம். வலிக்கிற எடத்துக்குக் கதிர் பாச்சுவோம், கரண்டு வைக்கிறதுன்னு சொல்வாங்களே, அது. அடியோட போகாது. ஆனா அடக்கி வைக்கலாம்."

பிறகு படத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்பில் மூன்று கண்ணிகள் மிதிபட்ட செங்கல் மாதிரி அமுங்கியிருந்தன. "கொஞ்ச வருசமாவே அமுங்கிக்கிட்டு வந்திருக்கு. ஆளு உயரம் குறைஞ்சிருப்பாரு. முன்னாடி எம்புட்டு உயரம் இருந்தாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தாள். சோலைமலை என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

நாலு மடிப்பு, எட்டு மடிப்பு எதற்கு என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. தோளுக்குச் சுகமாக அவன் துண்டை மடிக்கவில்லை. தண்டு எட்டாமல் போய்விட்டது. ஏன் எட்டவில்லை என்று அவனுக்கும் தெரியாது. என் தோளில் பாரம் ஏறிவிடக் கூடாதே என்று துணியை வைத்து அந்த இடைவெளியை அடைத்திருக்கிறான். நொறுங்கின முதுகை வைத்துக்கொண்டு தன் பங்குப் பாரத்தை எட்டிப் பிடித்துச் சுமந்திருக்கிறான். அவனைத்தான் நான் மடக்குகிறான் என்றேன்.

கரண்டு வைத்து வலி கொஞ்சம் தணிந்ததும், இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டு நடமாட ஆரம்பித்தான். ஒரு நாள் சாயங்காலம் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "வா மச்சான், அளந்துருவோம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை. தெற்குத் தூணில் தானாகவே போய்ச் சாய்ந்து நின்றான். அவன் தோளில் என் விரல்களை வைத்துக் கீறல்வரைக்கும் அளந்தேன். மூன்று விரல் இருந்தது. நான் அந்த விரல்களை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

"மன்னிச்சிருடா மாப்ள."

"விடு மச்சான். பாரம் ஏறுனா பக்கத்துல நிக்கிறவன் மேலதான் சந்தேகம் வரும். உன் எடத்துல நின்னா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்." பிறகு சிரித்தான். "ஆனா உன்ன மாதிரி மேளத்த நிறுத்திட்டுச் சொல்லியிருக்க மாட்டேன்."

நோயைப் பற்றி யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லுவான். எலும்பில் கேன்சரா என்று டீக்கடையில் கேட்டவரிடம் ஒரு விளக்கம் கொடுத்தான். "எம்மகன் திருப்பூர்ல இருக்கான். அதுக்காக அவன் திருப்பூர்க்காரன் ஆயிருவானா? எங்க போய்க் குடியிருந்தாலும் பேச்சும் பழக்கமும் நம்ம ஊருதான. அதே மாதிரிதான் இதுவும். கீழ பொறந்துச்சு, முதுகுக்குக் குடி போயிருச்சு. பொறந்த எடத்தத் தெரிஞ்சாத்தான் மருந்து கேக்கும்." டாக்டரம்மா சொல்லி எனக்குப் பாதி புரிந்தது. மீதி அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனால் ஊரில் வேறொரு விளக்கம் நடந்துகொண்டிருந்தது. சாமி தண்டில் மடக்கினான், அதனால்தான் சாமி முதுகெலும்பைப் பார்த்து அடித்துவிட்டது என்று பேசினார்கள். உங்களில் சிலரும் பேசினீர்கள். குழாயடியில் பஞ்சவர்ணத்தின் காது கேட்கவே பேசியிருக்கிறார்கள். அவள் குடத்தைப் பாதியில் விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவரு மடக்குனதால நோய் வரல. நோய் வந்ததாலதான் குட்டையாப் போனாரு. உங்களுக்குத் தெரியும்ல? நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும். சொன்ன வாயி உங்க வாயி."

"திருவிழா அன்னிக்குத் தண்டுல வச்சே சொல்றேன் தங்கச்சி" என்றேன். சத்தியம் மாதிரித்தான் சொன்னேன்.

போன வருஷத் திருவிழா. அவன் இடத்தில் இளவட்டம் ஒருவன் நின்றான். பல்லக்கு சோலைமலை வீட்டு வாசலுக்கு வந்து, தேங்காய் உடைக்கத் தாங்குகட்டையில் நின்றது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். தோளில் அந்தத் துண்டு. பஞ்சவர்ணம் தட்டோடு நின்றாள். மேளம் ஓய்ந்திருந்தது. ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருஷம் தண்டில் முதல் ஆளாக நின்றவன், என் தோள் பொய் சொல்லிவிட்டது என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். "தேங்காய ஒடைங்கப்பா, வெயிலேறுது" என்றேன்.

தேங்காய் உடைந்தது. பல்லக்கு நகர்ந்தது. பஞ்சவர்ணம் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். அவன் மட்டும் தெரு திரும்புகிறவரைக்கும் கும்பிட்ட கையை இறக்காமல் இருந்தான்.

மறுநாள் போனேன். அதைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. "புதுப் பையன் எப்புடி? ஒசரம் சரியா இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு" என்றேன். "அப்ப உனக்குப் பாரம் குறைஞ்சிருக்குமே" என்றான். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த திருவிழாவில் கட்டாயம் சொல்லிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசிக்குமேல் ஊசி கேட்கவில்லை. நோய் இடுப்புக்கும் தொடைக்கும் விலாவுக்கும் போய்விட்டது. டாக்டரம்மா வலிக்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். அது போதை மாத்திரை, பழகிவிடும் என்று யாரோ பயம் காட்ட, அவன் சொன்னதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: "வலியத் தாங்குனேன்னு சொன்னா எனக்கென்ன மாலையா போடப் போறீங்க? தாங்குறதுக்கு வேற இருந்தப்பத் தாங்கிட்டேன்." மாத்திரை வேலை செய்கிற நேரங்களில் பழைய கேலி திரும்பிவிடும். கட்டிலில் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க நானும் பஞ்சவர்ணமும் கை கொடுப்போம். விலா ஒடியாமல் தூக்க வேண்டும். "பாத்துத் தூக்கு மச்சான், அலங்காரம் கலைஞ்சிரும்" என்பான். பல்லக்குச் சுமந்த மனிதன், துவைத்த வேட்டி கனம்தான் இருந்தான்.

கடைசியாக நான் பார்த்தது அவன் போவதற்கு முந்தின நாள். "காப்பு எப்ப?" என்று கேட்டான். மூணு நாள் இருக்கிறது என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். காப்புக் கட்டிய பிறகு ஊரில் சாவு விழுந்தால் பல்லக்கு நிற்க வேண்டிவரும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. திருவிழாவுக்கு இடைஞ்சல் வைக்காமல் போய்விட்டான் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சாவை யாரும் நாள் பார்த்து வாங்க முடியாது. ஆனால் எண்ணினான், நான் பார்த்தேன்.

பஞ்சவர்ணம் சொன்னபடி துண்டோடு போனேன். பாடையில் முன்னால் வலது பக்கம் நின்றேன். எனக்குப் பின்னால் அவன் மகன். வாசலிலிருந்து பள்ளிக்கூடம் தாண்டும்வரை சரியாகத்தான் வந்தேன். கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது என் முழங்கால் மடங்கியது. பாடை என் பக்கம் சரிந்தது. பாரம் முழுக்க அந்தப் பையன் தோளுக்குப் போனது. "மாமா, மெதுவா வாங்க, நான் புடிச்சிருக்கேன்" என்றான். யாரும் மேளத்தை நிறுத்தவில்லை. யாரும் என்னைக் குடை பிடிக்க அனுப்பவில்லை. வயசான மனிதன், கூட்டாளி போன துக்கம் என்று என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்கு நாங்கள் கொடுக்காதது அது.

இந்தத் திருவிழாவில் நான் தண்டைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். தீட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அது காரணமில்லை.

காரியம் முடிந்து போகும்போது தெற்குத் தூணுக்குப் போங்கள். தரையிலிருந்து எங்கள் கீறலை நீங்களே அளந்து பாருங்கள். அதற்கு மூன்று விரல் கீழே, நேற்று என் கையால் உளி பிடித்து ஒரு கீறல் போட்டிருக்கிறேன். சோலைமலை கடைசியாகப் பாரம் சுமந்த உயரம் அது. அந்த உயரத்தில் நின்றுகொண்டு பல்லக்குத் தண்டு எட்டுமா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். அவன் மடக்கவில்லை. சாமி அவனை அடிக்கவும் இல்லை. நான் மேளத்தை நிறுத்திச் சொன்னது பொய் என்பதை, அவன் காது கேட்கிறபோது சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சொல்லாமல், இன்றைக்குச் சொல்கிறேன்.

என்னிடம் அவனுடையதாக இரண்டு இருக்கின்றன. ஒன்று போனில் அந்த யானை. மகள் அழிக்கட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். இன்னொன்று அந்தத் துண்டு. பஞ்சவர்ணம் கொடுத்தாள். எட்டு மடிப்பும் கலையாமல் இருக்கிறது. வேர்வை ஊறி, தண்டு அழுத்தி, பலகை மாதிரி ஆகிவிட்டது. நான் அதைப் பிரிக்கவில்லை.

முன்தண்டில் நாலு பேர் நின்றோம். சின்னழகு கொரோனாவில் போனான். தூக்கக்கூட எங்களை விடவில்லை. அதற்கு முன்பே, மேட்டுத்தெருவில் சிமிண்டு ரோடு போட்ட வருஷம், வெள்ளைச்சாமி மாரடைத்துப் போனான். சோலைமலை போனது, பெரிய கண்மாய் இரண்டு தடவை மறுகால் பாய்ந்த இந்த வருஷம். மிச்சம் இருப்பது, மடக்குறான் என்று சொன்ன வாய் ஒன்றுதான். அது நான், ஆண்டிச்சாமி.